அரிசி பாக்கி

"ராஞ்சியா? அது பீகார்லதானே இருக்கு?"ன்னு இன்னும் கேட்கற சொந்தக்காரங்க நமக்கு இருக்காங்க. 2000 நவம்பர் 15-லயே ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆயிடுச்சுன்னு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது. "தோனி ஊர்"னு சொன்னா உடனே ஒரு "ஓ!" வரும். சரி, தோனி ஊர்னே வச்சுக்குவோம். 2007-ல வேலை மாத்தி இங்கே வந்தோம். ரெண்டு வருசத்துல ஊருக்குத் திரும்பிடலாம்னு தங்கமணிகிட்ட சத்தியம் பண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன். அந்தச் சத்தியத்தைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம் :-)

இப்போ எழுத வந்தது வேற விசயம். எங்க காலனியில இருக்கற நாலஞ்சு தமிழ்க் குடும்பம் சேர்ந்து, குமலா மாவட்டத்துல கன்னியாஸ்திரீங்க நடத்தற ஒரு பெண் பிள்ளைங்க ஹாஸ்டலுக்கு வருசா வருசம் கொஞ்சம் பணம் கொடுக்கறோம். பெரிய தொகை எல்லாம் இல்லை. பெங்களூர்லயும் புனேலயும் துபாய்லயும் இருக்கற நண்பர்கள் "எங்களுக்கும் இப்படி ஒண்ணு சொல்லேன்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடறேன். ஹாஸ்டல் பேரும் ஊர்ப் பேரும் போடப் போறதில்லை. ஏன்னு போகப் போகப் புரியும்.

ராஞ்சியிலேருந்து இட்கி, பேடோ, சிசை வழியா குமலா போற ரோடு அழகான ரோடு. ரெண்டு பக்கமும் சால் மரங்க, நடுவுல மேடும் பள்ளமுமா நெல் வயல், தூரத்துல மொட்டைப் பாறை மலை. கார்ல போறவங்களுக்குத்தான் அழகு. குமலாவைத் தாண்டி உள்ளே திரும்பி இன்னும் ஒரு மணி நேரம் போனா ஒரு சின்ன பஜார், ஒரு கோயில் (சர்ச்சைத்தான் சொல்றேன், எங்க திருநெல்வேலிப் பக்கம் அதையும் கோயில்னுதான் சொல்லுவோம்), ஒரு ஹைஸ்கூல், பக்கத்துல ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஹாஸ்டல். எழுபது பிள்ளைங்க. ரெண்டு அடுக்கு இரும்புக் கட்டில், காலடியில ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. தகரப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. எங்க அம்மாவோட தகரப் பெட்டி இன்னும் ஊர்ல பரண்மேல இருக்கு.

அம்மா நாங்குநேரிப் பக்கத்துல ஒரு கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான். அதுக்கு மேல படிக்கணும்னா பாளையங்கோட்டை. அறுபதுகள்ல ஒரு பொண்ணைத் தினம் பஸ் ஏத்தி அனுப்பறதெல்லாம் நடக்கற கதையா? தாத்தா ஒரு கான்வென்ட் போர்டிங்குல கொண்டு விட்டார். மூணு வருசம் அங்கே இருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு, டிரெய்னிங் முடிச்சு, டீச்சர் ஆனாங்க. அம்மா கூடப் படிச்ச அந்த ஊர்ப் பொண்ணுங்கள்ல எட்டுக்கு மேல போனது அவங்க ஒருத்திதான். மத்தவங்க புத்தியில குறைஞ்சவங்களா என்ன? அவங்களுக்குப் பாளையங்கோட்டையில ஒரு கட்டில் கிடைக்கலை, அவ்வளவுதான்.

குமலாவுல இன்னைக்கும் இதே கதைதான். நடுநிலைப் பள்ளி பக்கத்துல இருக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு எட்டு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் போகணும். நடுவுல காடு, ஆறு. ஆடி ஆவணியில ஆறு பெருகினா அன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுல இருந்தா விடிஞ்சதும் தண்ணி எடுக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், மார்ச் ஏப்ரல்ல மகுவா பூ விழற சீசன்னா விடியறதுக்கு முன்னாடியே கூடையைத் தூக்கிட்டுக் கிளம்பணும். அது விக்கற காசுதான் கோடைக்குக் கைக்காசு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இத்தனைக்கும் நடுவுல அல்ஜீப்ரா எப்போ படிக்கறது?

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். 2004-ல ஆரம்பிச்ச கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா இங்கேயும் இருக்கு, நல்லாவே நடக்குது. தங்கிப் படிக்கற இடம், இலவசம். ஆனா அங்கே இருக்கற இடத்துக்கும் வர்ற பிள்ளைங்களுக்கும் கணக்கு ஒத்து வராது. 2022-ல மாநில அரசு சாவித்ரிபாய் புலே பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. எட்டாவதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் படிக்கப் படிக்கத் தவணையாப் பணம், பதினெட்டு வயசு முடிஞ்சதும் 20,000, ஆக மொத்தம் 40,000 ரூபா. நல்ல திட்டம்தான், நான் கை தட்டினேன். ஆனா பேங்க்ல வந்து விழற பணம் ராத்திரி பாதுகாப்பாப் படுக்க இடம் கொடுக்காதே. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டுல பெண்கள் எழுத்தறிவு 73 சதவீதத்துக்கு மேல, ஜார்க்கண்ட்ல 55 சதவீதம் சொச்சம். இந்த இடைவெளியில பாதி தூரத்தாலயும் பாதி வறுமையாலயும்தான்னு நான் நினைக்கறேன். இது என் கணக்கு, யாரும் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதில்லை.

இந்தப் பக்கம் மிஷன் வேலை எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டா சுவாரசியமா இருக்கும். 1885-ல லீவன்ஸ்னு ஒரு பெல்ஜியம் நாட்டு ஏசு சபைப் பாதிரியார் சோட்டாநாக்பூர் வந்தார். வந்தவர் முதல்ல பார்த்தது ஜமீன்தாருங்க ஆதிவாசிங்க நிலத்தைப் பிடுங்கறதையும், கூலியில்லாம வேலை வாங்கறதையும். சட்டப் புத்தகத்தை எடுத்துப் படிச்சுட்டு, கோர்ட்டு வழக்குல அவங்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சார். 1893-லயே நோய் வந்து ஊர்ல போய் இறந்துட்டார். 1890-ல லொரேட்டோ சிஸ்டருங்க ராஞ்சிக்கு வந்து பொண்ணுங்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தாங்க. அங்கே படிச்ச பெர்னதெத் கிஸ்போட்டாங்கற உராவ் இனத்துப் பொண்ணு, கல்யாணம் வேண்டாம், நானும் சிஸ்டர் ஆவேன்னு நின்னுச்சு. வீட்டுல ஒரே எதிர்ப்பு. உள்ளூர் ஆதிவாசிப் பொண்ணு சிஸ்டர் ஆகறது அப்போ யாரும் கேள்விப்படாத விசயம். 1897 ஜூலை 26-ல அந்தப் பொண்ணும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ராஞ்சியோட புனித அன்னாள் சபை. இன்னைக்கு இந்தப் பக்கத்து ஹாஸ்டலுங்கள்ல நீங்க பார்க்கற சிஸ்டருங்கள்ல நிறைய பேர் இந்த மண்ணோட பொண்ணுங்கதான். கேரளாவுலேருந்தோ ஐரோப்பாவுலேருந்தோ வந்தவங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போனா ஏமாந்துடுவீங்க.

நாங்க போற ஹாஸ்டல் வார்டன் சிஸ்டரும் உராவ்தான். அவங்க தாய்மொழி குடுக். இந்த மொழி நம்ம திராவிடக் குடும்பம்னு பள்ளிக்கூடத்துல எங்கேயோ படிச்சிருப்போம். நேர்ல கேட்டா சிலிர்த்துடும். சிஸ்டர்கிட்ட ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டேன். 'நீ'க்கு "நீன்". 'நாம்' அப்படியே "நாம்". பல்லுக்குப் பல்லேதான். கண்ணுக்கு, 'க'வைத் தொண்டையிலேருந்து கொஞ்சம் காறிச் சொன்னா அவங்க வார்த்தை. மூணுக்கு "மூந்த்", நாலுக்கு "நாக்". அஞ்சு எப்படின்னு கேட்டா சிரிச்சுட்டாங்க. நாலுக்கு மேல இந்திக்காரங்ககிட்ட கடன் வாங்கிக்கறோம்னாங்க. ரொம்ப ரசிச்சது 'நான்'. அதுக்கு அவங்க "ஏன்"னு சொல்றாங்க! பிள்ளைங்க ரெண்டு பேர் சண்டை போட்டா "ஏன், ஏன்"னு சத்தம் வரும். நமக்குக் கேள்வி கேட்கற மாதிரியே இருக்கும்.

ஹாஸ்டல்ல உராவ் மட்டும் இல்லை, முண்டா, கடியாப் பிள்ளைங்களும் உண்டு. அவங்க மொழிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால எல்லாருக்கும் பொதுவா சாத்ரி. பாடப் புத்தகம் இந்தியில. ஆறாவதுல வந்து சேர்ற ஒரு பிள்ளைக்கு முதல் வருசம் பூரா மொழியோடயே போயிடும்.

சாப்பாடு? சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை. இங்கே கீரையைக் காய வச்சு வருசம் பூரா வச்சுக்கறாங்க. வடிச்ச கஞ்சியைக் கொட்டறதே இல்லை. அதுல புளிப்புக் கீரையைப் போட்டுக் கொதிக்க வச்சா அதுதான் குழம்பு. கேழ்வரகுக்கு மடுவான்னு பேர், அதுல ரொட்டி. தங்கமணி ஒரு தடவை இங்கே கேழ்வரகுக் களி கிண்டிக் காட்டினாங்க. பிள்ளைங்க மரியாதைக்குச் சாப்பிட்டுட்டு, ரொட்டியே நல்லாருக்குன்னு சொல்லிடுச்சுங்க. சாயந்தரம் ஆனா ஹாக்கி. மூங்கிலை வளைச்சு மட்டை பண்ணி விளையாடற கூட்டம். நிக்கி பிரதான் குன்ட்டி மாவட்டத்துக்காரங்க, சலீமா டேட்டே பக்கத்துச் சிம்டேகா மாவட்டத்துக்காரங்க. ரெண்டு பேரும் ஒலிம்பிக்ஸ் ஆடினவங்க. அதனால இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதல்ல ஹாக்கி, அப்புறம் நர்ஸ், அப்புறம் போலீஸ். இன்ஜினியர்னு ஒருத்தரும் சொல்லலை. எனக்கு லேசா வருத்தம்தான் :-)

இப்போ எல்லாரும் கேட்கற கேள்விக்கு வர்றேன். "மதம் மாத்தறாங்களாமே?" ஊர்லேருந்து சித்தப்பா போன் பண்ணியே கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி இல்லை. நம்ம பணம் எங்கே போகுதுன்னு கேட்கற உரிமை நமக்கு இருக்கு. ஜார்க்கண்ட்ல 2017-லேருந்து கட்டாய மதமாற்றத்துக்கு எதிரா சட்டமும் இருக்கு. நான் பார்த்ததைச் சொல்றேன். பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல கத்தோலிக்கக் குடும்பம், பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து. மீதி சர்னா, அதாவது சால் மரத்தைக் கும்பிடற பழைய வழி. சர்ஹுல் பண்டிகைக்கும் கர்மாவுக்கும் அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போயிட்டுத் தலையில பூ வச்சுக்கிட்டுத் திரும்பி வருதுங்க. காலையில ஜெபம் உண்டு, எல்லாரும் உட்காருதுங்க. அது வேண்டாம்னு நினைக்கறவங்க வேற இடத்துக்குக் கொடுக்கலாம், தப்பே இல்லை. நான் சித்தப்பாகிட்ட நீளமா விளக்கிக்கிட்டு இருந்தேன். அம்மா போனைப் பிடுங்கி, "ஏல, நான் மூணு வருசம் கோயில் மணிச் சத்தத்துல எந்திரிச்சவதான். சுடலைக்குக் கொடை குடுக்க ஒரு வருசம் தவறியிருக்கேனா? போனை வையி, அடுப்புல குழம்பு இருக்கு"ன்னாங்க. சித்தப்பா அடுத்த மாசம் ஐந்நூறு ரூபா அனுப்பினார்.

இந்த ஹாஸ்டல் எங்களுக்கு எப்படித் தெரிய வந்ததுன்னு சொல்லலையே. எங்க வீட்டுல வேலைக்கு வர்ற அக்கா (இங்கே தீதி) மூலமா. அவங்க அண்ணன் பொண்ணு 2019-ல ஆறாவது சேர்ந்துச்சு. தீதிதான் எங்களை முதல் தடவை கூட்டிட்டுப் போனாங்க. வாங்கிட்டுப் போன பிஸ்கட் பாக்கெட்டையும் பென்சில் டப்பாவையும் சிஸ்டர் நன்றி சொல்லி வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் அலுவலக ரூமுல ஒரு நோட்டைக் காட்டினாங்க. ஒரு பக்கம் பணம், இன்னொரு பக்கம் அரிசி.

அரிசி விசயம் எனக்குப் புதுசு. ஹாஸ்டல்ல சேர்க்கற ஒவ்வொரு அப்பா அம்மாவும் மாசத்துக்குப் பதினஞ்சு கிலோ அரிசி கொடுக்கணும். பணமும் உண்டு, ஆனா குறைவு. முடியாதவங்களுக்குப் பணத்தைத் தள்ளுபடி பண்ணுவாங்க, அரிசியைத் தள்ள மாட்டாங்க. தள்ளிப் போடுவாங்க, பாக்கின்னு எழுதுவாங்க, விறகாவோ வேலையாவோ கழிப்பாங்க. இதென்ன கறார்னு எனக்குத் தோணிச்சு, கேட்டுட்டேன். சிஸ்டர் சொன்னாங்க: "பையா, அரிசி கொண்டு வர்ற அப்பா வருசத்துல நாலு தடவை இங்கே வருவார். மகளைப் பார்ப்பார். மார்க்கு என்னன்னு கேட்பார். சும்மா சேர்த்துக்கிட்டா வர மாட்டார். வெட்கப்படுவார்."

தாத்தா நெல் மூட்டையும் புளியும் கொண்டு போய்ப் பாளையங்கோட்டையில இறக்கினதை அம்மா நூறு தடவை சொல்லியிருக்காங்க. அது எதுக்குன்னு இங்கே வந்துதான் எனக்குப் புரிஞ்சது.

2020 மார்ச்சுல கொரோனாவுக்கு எல்லாத்தையும் பூட்டினாங்க. பிள்ளைங்க ஊருக்குப் போயிட்டாங்க. ஆன்லைன் கிளாஸ்னு சொன்னாங்க, சிக்னலுக்கே மரம் ஏறணும். ஆறு, ஏழு, எட்டுக்குத் திரும்பப் பள்ளிக்கூடம் திறக்க ஒன்றரை வருசம் ஆச்சு. அதையும் எப்படியோ கடந்து வந்துட்டாங்க. அடி விழுந்தது 2022-ல.

அந்த வருசம் ஜூன் ஜூலையில மழையே இல்லை. நாத்து விட்டது விட்ட இடத்துல காய்ஞ்சது. இங்கே பாசனம்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது, வானம் பார்த்த ஒரு போகம். அக்டோபர்ல அரசாங்கம் 226 வட்டாரத்தை வறட்சிப் பகுதின்னு அறிவிச்சது. டிசம்பர்ல அறுவடை முடிஞ்சு மூட்டை மூட்டையா அரிசி வர்ற ஹாஸ்டலுக்கு அந்தத் தடவை பை பையாத்தான் வந்தது. தீதியோட அண்ணன் இருபது கிலோ கொண்டு வந்து வச்சுட்டு, நிமிர்ந்து பார்க்காமப் போயிட்டாராம். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைங்க ஊருக்குப் போனாங்க. ஜனவரியில பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியும் பதினொரு பேர் திரும்பலை.

சிஸ்டர்கிட்ட இன்னொரு நோட்டு இருக்கு. திரும்பாதவங்க நோட்டு. பேர், ஊர், கடைசியாப் பார்த்தது யார், யாரைக் கேட்கலாம். அந்த நோட்டைப் பையில போட்டுக்கிட்டு, ஒரு டீச்சரைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு, பழைய ஸ்கூட்டியில ஊர் ஊராப் போறாங்க. காலையில போனா இருட்டினப்புறம்தான் திரும்பறது. நாங்க கொடுக்கற பணத்துக்கு வருசக் கடைசியில கணக்கு அனுப்புவாங்க. அந்த வருசக் கணக்குல 'பெட்ரோல்'னு ஒரு வரி கொஞ்சம் பெருசா இருந்தது. எங்க குழுவுல ஒருத்தர், "படிப்புக்குன்னு கொடுத்தா பெட்ரோல்ங்கறாங்களே"ன்னு முகம் சுளிச்சார். என்னைக் கேட்டா நாங்க கொடுத்ததுலயே உருப்படியாச் செலவான பணம் அந்தப் பெட்ரோல்தான். ஃபீஸ் கட்ட நூறு பேர் கிடைப்பாங்க. பிள்ளை வரலைன்னா தேடிக்கிட்டு வீட்டு வாசலுக்கு வர்ற ஆள் கிடைக்கறது கஷ்டம்.

பதினொரு பேர்ல தீதி அண்ணன் பொண்ணும் ஒண்ணு. அப்போ ஒன்பதாவது. சிஸ்டர் போய்ப் பார்த்தப்போ அப்பாவும் அம்மாவும் உத்தரப் பிரதேசத்துல ஏதோ செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. வீட்டுல பாட்டி, இந்தப் பொண்ணு, ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. பக்கத்து ஊர்ப் பொம்பளை ஒருத்தங்க, கல்யாண வழியில சொந்தமாம், டெல்லியில ஒரு பங்களாவுல வேலை இருக்கு, சாப்பாடு போட்டு மாசம் ஆறாயிரம்னு சொல்லி, பாட்டி கையில ரெண்டாயிரம் அட்வான்சும் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில். குமலா, சிம்டேகா, குன்ட்டி மாவட்டங்கள்லேருந்து இப்படி டெல்லிக்குப் போன பொண்ணுங்க கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். சிலர் நல்லபடியாத் திரும்பியிருக்காங்க. சிலர் எங்கே இருக்காங்கன்னே தெரியாது.

சிஸ்டர் தீதிக்குப் போன் பண்ணாங்க. தீதி எங்க சமையல்கட்டுலதான் இருந்தாங்க. போனை வச்சுட்டுக் கரண்டியைக் கழுவிக் கவுத்து வச்சாங்க. "சார், சனிக்கிழமை வண்டி வருமா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

போனோம். மண் வீடு, சாணி மெழுகின திண்ணை, காய்ஞ்ச மகுவா மரம். பாட்டி கட்டில்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க. பொண்ணு அழலை. "நான் போனா ரெண்டு பேருக்கும் சாப்பாடு வரும், நான் படிச்சா யாருக்கு வரும்?"னு இந்தியில தெளிவாக் கேட்டுச்சு. சிஸ்டருக்கே பதில் இல்லை. தீதி அந்தப் பொண்ணைத் திண்ணை ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் குடுக்ல பேச ஆரம்பிச்சாங்க. ரொம்ப நேரம், குரலை உயர்த்தாம. எனக்கு ஒரு வார்த்தையும் புரியலை. நடுநடுவுல "ஏன்... ஏன்..."னு மட்டும் காதுல விழுந்தது. நான்... நான்... அவங்க தன் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பதினாலு வயசுல டெல்லிக்குப் போய் நாலு வருசம் ஒரு வீட்டுல இருந்துட்டு, பாதிச் சம்பளம்கூட வாங்காமத் திரும்பினவங்க தீதி. இத்தனை வருசமா எங்க வீட்டுல இருக்காங்க, எங்ககிட்ட அதை ஒரு தடவைதான் சொல்லியிருக்காங்க, அதுவும் தங்கமணிகிட்ட.

அன்னைக்கு முடிவானது இதுதான். ரெண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கறது. தங்கச்சி மூணாவதுதான் படிக்குது, ஹாஸ்டல்ல ஆறாவதுலேருந்துதான் எடுப்பாங்க, இருந்தாலும் சிஸ்டர் அதையும் சேர்த்து எடுத்துக்கறது. தம்பி பாட்டிகூட, பெரியப்பா வீட்டுச் சாப்பாடு. அட்வான்ஸ் கொடுத்த பொம்பளை சாயந்தரம் வந்து சத்தம் போட்டாங்க. ஊர்ப் பெரியவரும் சிஸ்டரும் பேசி அனுப்பினாங்க. எங்க வண்டியிலேயே ரெண்டு பிள்ளையும் ரெண்டு தகரப் பெட்டியும் வந்தது. சின்னது வழி பூரா வாந்தி. பெரியது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தது.

பதினொரு பேர்ல ஏழு பேர் திரும்பினாங்க. நாலு பேர் வரலை. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மூணு பேர் ஊர்லயே இல்லை. அந்த நோட்டுல சிஸ்டர் அந்த நாலு பேரையும் இன்னும் கோடு போட்டு அடிக்கலை. போன தடவை போனப்போகூடப் பார்த்தேன்.

பெரிய பொண்ணு 2024-ல மெட்ரிக் எழுதி செகண்ட் டிவிஷன்ல பாஸ் பண்ணிச்சு. கணக்குல தேறுமான்னு பயந்துக்கிட்டு இருந்தோம், தேறிடுச்சு. குமலா டவுன்ல இன்டர் சேர்ந்தது, அங்கேயும் சிஸ்டருங்க ஹாஸ்டல்தான். நர்சிங்னு சொல்லுது. பார்ப்போம்.

கொடுக்க நினைக்கறவங்களுக்குச் சில விசயம். "ஒரு பிள்ளையை எனக்குன்னு ஒதுக்குங்க, போட்டோ, லெட்டர் அனுப்பச் சொல்லுங்க"ன்னு எங்க குழுவுலயும் சிலர் கேட்டாங்க. சிஸ்டர் முடியவே முடியாதுன்னுட்டாங்க. போட்டோவும் கிடையாது, பேரும் கிடையாது. எழுபது பேர் ஒரே பானையில சாப்பிடறாங்க, இதுல உன் அரிசி என் அரிசின்னு பிரிச்சா பிள்ளைங்களுக்குள்ளே வித்தியாசம் வந்துடும்னாங்க. நான் இங்கே பேர் போடாததுக்கும் அதுதான் காரணம். நீங்க இருக்கற ஊர்லேருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளே இப்படி ஒரு இடம் கண்டிப்பா இருக்கும். மிஷன் ஹாஸ்டலா இருக்கலாம், அரசாங்க ஹாஸ்டலா இருக்கலாம், ராமகிருஷ்ண மடமா இருக்கலாம். நேர்ல போங்க. பாத்ரூமைப் பாருங்க, சமையல்கட்டைப் பாருங்க, ராத்திரி யார் காவல்னு கேளுங்க, பதிவு இருக்கான்னு கேளுங்க. கணக்கு நோட்டைக் காட்டத் தயங்கினா நன்றி சொல்லிட்டுத் திரும்பிடுங்க.

பணம் அனுப்பறதுல ஒரு சிக்கல் இருக்கு. துபாய், சிங்கப்பூர்ல இந்தியப் பாஸ்போர்ட்டோட இருக்கறவங்க தன் சேமிப்பிலேருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனா குடியுரிமை மாத்திட்டவங்க, ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும் சரி, அனுப்பினா அது வெளிநாட்டுப் பணம்தான். வாங்கற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கணும். 2020-ல திருத்தின சட்டப்படி அந்தப் பணம் முதல்ல டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கற கணக்குக்குத்தான் வரணும், அங்கே வாங்கினவங்க வேற அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது. அமெரிக்காவுல இருக்கற மச்சான் நல்ல மனசுல நேரா சிஸ்டர் கணக்குல போட்டு அவங்களை மாட்டி விட்டுடாதீங்க. 80ஜி ரசீது கேட்கறவங்களுக்கு: புது வரி முறையில இருந்தா அது எப்படியும் பிரயோஜனப்படாது. ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல கொடுத்தா பழைய முறையிலயும் கழிவு கிடையாது. பேங்க்லயே போடுங்க.

பொருளாக் கொடுக்கறதா இருந்தா முதல்ல என்ன வேணும்னு கேளுங்க. எங்க சிஸ்டர் கேட்டது: கொசுவலை, நாப்கின், இந்தி மீடியம் ஒன்பதாவது கணக்கு கைடு, கரண்ட் போனா எரியற சோலார் விளக்கு, அப்புறம் ஸ்கூட்டிக்கு ஒரு டயர். பழைய சுடிதார் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு மூட்டை இருக்காம், எல்லாம் சென்னை உடம்புக்குத் தைச்சதாம் :-)

2023-லயும் மழை சரியில்லை. 2024-ல பரவாயில்லை, கடைசியில பிடிச்சுக்கிட்டது. அந்த டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை நாங்க ஹாஸ்டல்ல இருந்தப்போ தீதியோட அண்ணன் ஒரு டெம்போவுல மூணு மூட்டையோட வந்து இறங்கினார். பெரியவ இப்போ இங்கே இல்லை, சின்னவதான் இருக்கா. அவளுக்கு ஒரு மூட்டை போதும். மத்த ரெண்டு எதுக்குன்னு சிஸ்டர் கேட்டாங்க. "2022 கணக்கு"ன்னார் அவர். சிஸ்டர் அதெல்லாம் வேற உதவியில சரி பண்ணிட்டோம்னு சொல்லிப் பார்த்தாங்க. அவர் காதுல வாங்கிக்கலை, ரெண்டு மூட்டையையும் இழுத்துட்டுப் போய்த் தராசு மேல வச்சார். சிஸ்டர் பழைய நோட்டை எடுத்து, அவர் பேர் இருக்கற பக்கத்தைத் தேடி, கிலோவைக் கூட்டிப் பார்த்தாங்க. ரெண்டு கிலோ குறைஞ்சது. பாக்கி 2 கிலோன்னு எழுதி, அவர்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. ஜனவரியில லீவு முடிஞ்சு சின்னவ திரும்பி வந்தப்போ அவ பையில ரெண்டு கிலோ அரிசி இருந்ததுன்னு தீதி சொன்னாங்க.